இருநூற்றுப் பதினேழாம் டோக்கன்

இருபத்திரண்டு வருடமாக நான் எழுதிய பொய்களில் மிகச் சின்னது 'ஏகமனதாக' என்ற சொல். நிலக்கரிச் சுரங்க உரிமையாளர் சங்கத்தின் அலுவலகத்தில் எனக்கு மினிட்ஸ் எழுதும் வேலை. கூட்டம் நடக்கும்போது ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். முதலாளிகள் மேசையைக் குத்துவார்கள், என் வியாபாரத்தை நீ கெடுத்தாய் என்று கத்துவார்கள், ஒரு தடவை ஒருவர் தண்ணீர் டம்ளரைத் தூக்கி எறிந்தார். எல்லாம் அடங்கியதும் செயலாளர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிவிட்டு, டம்ளர் துண்டுகளைப் பொறுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிடுவேன்.

அந்த மினிட்ஸ் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தைத் தொடங்கிய பதினொரு முதலாளிகளுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. இன்று ஒப்புக்கொண்டதை நாளைக்கு மாற்றிவிடுவான் என்று பயந்து, முதல் கூட்டத்திலேயே ஒரு விதி போட்டார்கள். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் முத்திரையும் இருக்க வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. அன்றைய நிகழ்ச்சிக்குத் தலைமை வகித்தவர் அன்றைக்கே படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை காலத்தில் அந்தச் சங்கம் மனசாரக் கடைப்பிடித்த விதி இது ஒன்றுதான்.

இந்த வருடம் சங்கத்துக்கு எழுபத்தைந்து. பவள விழா மலர் போடப் போகிறோம், சங்கத்தின் வரலாற்றை நீங்களே எழுதிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார். பழைய கோப்புகள் கிடக்கும் மாடி அறையின் சாவியையும் கொடுத்தார். அந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. போயிருந்தால் சாவியைக் கொடுத்திருக்க மாட்டார்.

அதே வாரம் என் தம்பியின் கால் நசுங்கியது.

அவனுக்கு மூன்றாம் எண் சுரங்கத்தில் கரி வண்டிகளைக் கொக்கி போட்டுக் கோக்கிற வேலை. சரிவில் நின்ற ஒரு வண்டி கொக்கி விட்டு உருண்டு வந்து, வலது கணுக்காலுக்குச் சற்று மேலே ஏறி நின்றது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தோல் கிழிந்து காயம் திறந்து கிடந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, மருந்து வைப்பதற்காக அதில் ஓர் ஓட்டை விட்டு, என்னையும் தம்பி மனைவியையும் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. தினமும் காயத்தைக் கழுவ வேண்டும். ஆட்டி அசைத்தால் சீழ் பிடிக்கும், சீழ் எலும்புக்குப் போனால் காலை எடுக்க வேண்டி வரும். நாங்கள் இருவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குச் சுரங்கத்து ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது.

வெளியில் இருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். விபத்தே நடக்காத சுரங்கத்துக்கு எங்கள் சங்கம் வருடா வருடம், நடுவர் ஒருவரை அனுப்பிச் சோதித்துப் பார்த்து, பாதுகாப்புக் கேடயம் கொடுக்கிறது. எது விபத்து என்பதற்கு ஏழாம் விதி இருக்கிறது. அடிபட்ட தொழிலாளி அதன் பிறகு ஒரு ஷிப்டுக்காவது வராமல் போனால்தான் அது விபத்து. விடாமல் வந்துவிட்டால் அது வெறும் அசௌகரியம். ஆகவே கை ஒடிந்தவனையும் கால் ஒடிந்தவனையும் ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்து, இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுக்கும் விளக்கறையின் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். எட்டு மணி நேரம் சுவரைப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போகலாம். தொழிலாளிகள் இதற்குக் 'கேடயக் காவல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏழாம் விதியை வருடா வருடம் டைப் அடித்தவள் நான்தான். கேடயக் காவல் என்ற பெயரைக் கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

தம்பி ஏன் ஜீப்பில் ஏறினான் என்று கேட்பீர்கள். கேடயம் கிடைத்தால் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரஷர் குக்கர். மொத்தம் நானூறு குக்கர். சுரங்க மேலாளர் யாரையும் மிரட்டவே இல்லை, மிரட்டுகிற வேலையைக் குக்கரே பார்த்துக்கொண்டது. தொழிலாளர் குடியிருப்பில் எல்லாரும் அடுப்படியில் இடம் ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்து குமுறினாள். "அண்ணி, தண்ணி புடிக்கப் போனா ஒருத்தியும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறா. இவரு படுத்துட்டா எல்லார் குக்கரும் போயிடுமாம். என் புருஷன் கால் பெருசா உங்க குக்கர் பெருசான்னு கேட்டேன். எல்லாரும் கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டாளுங்க."

நான் நேராகச் செயலாளர் அறைக்குப் போனேன். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அடிபட்ட அன்றே எனக்குத் தகவல் வந்துவிட்டது, ரொம்ப வருத்தமாக இருந்தது என்றார். மூன்றாம் எண் சுரங்கத்து முதலாளிதான் பவள விழாக் குழுவுக்குத் தலைவர், ஆறு வருடமாகத் தொடர்ந்து கேடயம் வாங்குகிறவர், விழா வருடத்தில் அது அவர் கையை விட்டு நழுவினால் நன்றாகவா இருக்கும் என்று என்னையே கேட்டார்.

"பத்தொன்பது நாள்தானேம்மா," என்றார். "நடுவர் வந்து பாத்துட்டுப் போகட்டும். அன்னிக்கே உங்க தம்பிய நானே கார்ல ஏத்தி ஆஸ்பத்திரில சேக்குறேன். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும். தெரிந்தும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு சொல்லுக்கு நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலை அன்று மாலையே வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் மாடி அறைக்குப் போய் உட்கார்ந்தேன். தூசியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு கோப்பாகப் படித்தேன். 

சங்கம் பிறந்தது ஒரு ஹோட்டல் அறையில். நிலக்கரி விலையை யாரும் குறைக்கக் கூடாது என்று பதினொரு பேரும் கூடிப் பேசியதுதான் முதல் கூட்டம். ஒரு சுரங்கத்தை விட்டு வந்த தொழிலாளியை இன்னொரு சுரங்கம் சேர்க்கக் கூடாது என்பது இரண்டாவது கூட்டம். வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டம் வந்தபோது சங்கம் எதிர்த்தது. பதினாலு வயதுக்குக் குறைந்தவர்களைக் கீழே இறக்கக் கூடாது என்றபோதும் எதிர்த்தது. ஆய்வாளர்களை இரண்டு மடங்காக்கப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்ன வருடம், அதெல்லாம் வேண்டாம், எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கடிதம் போட்டு, அதற்கு அத்தாட்சியாக ஆரம்பித்ததுதான் இந்தப் பாதுகாப்புக் கேடயம்.

பன்னிரண்டாம் வருடத்துக் கோப்பு எல்லாவற்றையும் விட மோசம். அந்த வருடம் ஒரு சுரங்கத்தில் தீப்பிடித்தது. கீழே எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலாளிக்கே தெரியவில்லை. சுமார் அறுபது பேர் என்று தந்தி கொடுத்திருக்கிறார். பிறகு ஒரு குமாஸ்தா குடியிருப்பில் வீடு வீடாகப் போய், ஆள் திரும்பி வராத வீடுகளை எண்ணியிருக்கிறார். எண்பத்து மூன்று. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த ஒரு பித்தளை டோக்கன் இருக்க வேண்டும், சுரங்க வாசலில் பலகை வைத்து அதில் மாட்ட வேண்டும் என்றது சட்டம். பலகையில் இரண்டு பாதி, 'கீழே' என்று ஒன்று, 'மேலே' என்று ஒன்று. இறங்குகிறவன் தன் டோக்கனைக் 'கீழே' பக்கம் மாட்டிவிட்டு விளக்கை வாங்கிக்கொண்டு போவான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு 'மேலே' பக்கம் மாற்றுவான். எந்த நேரத்திலும் கீழே யார் இருக்கிறார்கள் என்று பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இதை எதிர்த்துச் சங்கம் அரசாங்கத்துக்குப் பதினொரு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறது. ஆட்களை ஷிப்டுக்கு ஷிப்டு எண்ணிக்கொண்டிருப்பது தொழிலுக்குத் தேவையில்லாத சுமை என்று அதில் ஒரு வரி இருந்தது.

இதையெல்லாம் அப்படியே எழுதி, வரலாற்றின் முதல் பகுதி என்று செயலாளரிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'எதிர்த்தது' என்று நான் எழுதியிருந்த ஒவ்வோர் இடத்திலும் 'ஆலோசனை வழங்கியது' என்று மாற்றியிருந்தார். எண்பத்து மூன்று என்பதை அடித்துவிட்டு 'சிலர்' என்று போட்டிருந்தார். டோக்கன் பலகை இருந்த பத்தியை முழுக்க நீக்கிவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில், 'டோக்கன் முறை, சங்கம் தொழிலாளர்களுக்கு அளித்த கொடை' என்று எழுதி, படம் ஒன்று சேர்க்கவும் என்று குறித்திருந்தார். மனிதர் கண்ணில் மண்ணைத் தூவுகிற வேலையைக்கூட அழகான கையெழுத்தில்தான் செய்வார்.

பதினேழாம் நாள் விளக்கறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்தேன். நீள பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலை முன்னால் நீட்டி வைத்திருந்தான். கட்டின் ஓட்டையிலிருந்து கெட்ட வாடை அடித்தது. நெற்றியைத் தொட்டால் கொதித்தது. கம்பவுண்டர் தினம் இரண்டு மாத்திரை கொடுக்கிறார் என்றான். விளக்கறைக்காரர் அவன் டோக்கனைத் தினமும் காலையில் 'கீழே' பக்கம் மாட்டி, மதியம் 'மேலே' பக்கம் மாற்றிக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேட்டுக்கு ஆள் கணக்கை எடுப்பதே 'கீழே' பக்கத்திலிருந்துதான். டோக்கன் அங்கே தொங்கவில்லை என்றால் அவன் வேலைக்கு வரவில்லை என்று ஆகிவிடும். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னும் ரெண்டு நாள்தானக்கா," என்றான். "என்னால கெட்டுச்சுன்னு காலம் பூரா சொல்லுவாங்க."

அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எதையும் தாங்குவான்.

நடுவர் வரும் நாளில் சுரங்க வாசலே அடையாளம் தெரியவில்லை. சுவருக்கு வெள்ளையடித்து, மணல் வாளிகளுக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி, தொழிலாளிகளுக்குப் புது ஹெல்மெட் மாட்டியிருந்தார்கள். மலருக்குப் படம் எடுக்க நகரத்திலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். விளக்கறையில் அந்த நீள பெஞ்சைக் காணோம். அது கிடந்த இடத்தில் பெரிய பூந்தொட்டி ஒன்று இருந்தது. தம்பி எங்கே என்று விளக்கறைக்காரரைக் கேட்டேன். நல்லாத்தான் இருக்காரும்மா என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். இன்று ஒரு நாளாவது வீட்டில் விட்டுவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டு, நடுவர் தலைமையில் நடக்கும் சோதனையைப் பதிவு செய்ய மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்து வைத்தேன்.

வழக்கமாக வரும் நடுவர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர். அந்த வருடம் அவருக்கு உடம்பு சரியில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் மீட்புப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிழவர். ஒரு காதில் கேட்கும் கருவி, காலில் தேய்ந்த பூட்ஸ். தட்டில் வைத்திருந்த எதையும் தொடாமல் நேராக டோக்கன் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அபாயச் சங்கை ஊதச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் ஒத்திகை இல்லையே என்று மேலாளர் இழுத்தார்.

"நெருப்பு நிகழ்ச்சி நிரல் பாத்துட்டா வருது?" என்றார் நடுவர்.

சங்கு ஊதியது. கூண்டு இறங்குவதும் ஏறுவதுமாக ஆட்கள் மேலே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவனும் விளக்கைக் கொடுத்துவிட்டு, டோக்கனை மாற்றி மாட்டிவிட்டு, முற்றத்தில் போய் வரிசையில் நின்றான். இருபத்திரண்டாவது நிமிடம் கடைசிக் கூண்டும் வந்துவிட்டது. மேலாளர் கையைத் தட்டினார், செயலாளரும் தட்டினார். போட்டோக்காரர் பலகையைப் பல பக்கமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நடுவர் மட்டும் அசையவில்லை. 'கீழே' பக்கம் மொத்தமும் காலியாக இருந்தது, ஒரே ஒரு டோக்கனைத் தவிர.

"இருநூத்திப் பதினேழு," என்று படித்தார். "யாருப்பா இது?"

முற்றத்தில் நூற்று நாற்பது பேர் நின்றார்கள். பாதிப் பேருக்காவது தெரியும். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

டோக்கன் மாறி மாட்டியிருப்பார்கள் சார் என்று மேலாளர் சமாளித்தார். நடுவர் விளக்குகள் அடுக்கியிருந்த தாங்கியைப் போய்ப் பார்த்தார். அங்கும் இருநூற்றுப் பதினேழாம் இடம் காலியாக இருந்தது. விளக்கறைக்காரர் அத்தனை ஒழுங்கான மனிதர், டோக்கனை மாட்டினால் விளக்கையும் எடுத்துக் கொடுத்துவிடுவார். டோக்கனும் விளக்கும் ஒன்றையே சொல்லுகிறபோது ஆள் கீழேதான் இருக்கிறான் என்றார் நடுவர். ஆளைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் சட்டப்படி இது ஒத்திகை இல்லை என்று சொல்லி, மீட்பு ஆட்களை இறக்கச் சொன்னார்.

ஆறு பேர் முதுகில் ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் போனார்கள். கூரை தொங்குகிற பழைய சுரங்கவழிகளில்கூட அவர்கள் நுழைந்து தேட வேண்டும். மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர்களை நிறுத்தியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கூண்டு மணி அடித்து இறங்கியது.

அந்த எண்ணைக் கேட்டதுமே என் கை எழுதுவதை நிறுத்திவிட்டது. தம்பியின் சாப்பாட்டுத் தூக்கின் அடியில் ஆணியால் கீறியிருக்கும் எண் அது. அந்தக் காலோடு அவனைக் கீழே இறக்கிவிட்டார்களா? எழுந்து விளக்கறைக்காரரிடம் போனேன். அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது.

"ஆறு பேரு எறங்கிட்டாங்கம்மா," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அவர் கண் பூந்தொட்டிக்குப் பின்னால் போனது. தொட்டிக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. அதில் பூட்டுத் தொங்கியது.

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் செயலாளர் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார். "பேனாவ மூடுங்கம்மா. இதெல்லாம் மினிட்ஸ்ல வர வேண்டாம்."

இருபத்திரண்டு வருடமாக அவர் கண்ணசைத்தால் நான் எழுதினேன், கண்ணசைத்தால் நிறுத்தினேன். அன்றைக்கு நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நடுவருக்குக் காது கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"ஐயா, அவன் கீழ இல்ல. அவன் என் தம்பி. கால் ஒடஞ்சவன். கேடயம் போயிடும்னு இந்தக் கதவுக்குப் பின்னாடி வச்சுப் பூட்டியிருக்காங்க. கீழ போனவங்கள மேல கூப்பிடுங்க."

பூந்தொட்டியை நானே காலால் தள்ளினேன். விளக்கறைக்காரர் பூட்டைத் திறந்தார். அது பழைய பேட்டரிகளைப் போட்டு வைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. திராவக நெடியையும் மிஞ்சிக்கொண்டு சீழ் நாற்றம் அடித்தது. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, இன்னொரு பெட்டியின் மேல் காலை வைத்துக்கொண்டு, மடியில் எரிகிற விளக்கோடு தம்பி இருந்தான். வாசலில் மேலாளரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். அந்த நிலைமையிலும் அவருக்கு மரியாதை.

"நடுவர் போயிட்டாராக்கா?" என்று கேட்டான்.

நான் அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதேன். துக்கத்தில் அழுத அழுகை இல்லை அது. எல்லாரையும் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது, கையில் பேனா மட்டும்தான் இருந்தது.

நடுவரே அவன் ஒரு பக்கத்துத் தோளைப் பிடித்துத் தூக்கினார். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். பத்தொன்பது என்று தம்பி சொன்னதும் அவர் மேலாளரை ஒரு பார்வை பார்த்தார். கூண்டை மேலே கூப்பிட மணி அடிக்கச் சொல்லிவிட்டு, தன் காரிலேயே எங்களை ஏற்றி அனுப்பினார். முற்றத்தில் நின்றவர்கள் வழி விட்டார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, மன்னிச்சிரு என்றான். தம்பி அவனைப் பார்த்துப் பரவாயில்லை என்று தலையை ஆட்டினான். எனக்கு அந்த அளவு பெரிய மனசு கிடையாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மரப் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் மினிட்ஸ் புத்தகத்தை வைத்து எழுதினேன். முத்திரை போட்ட பக்கத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதினேன். பெஞ்ச், பூந்தொட்டி, பூட்டு, கீழே போன ஆறு பேர், பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேர். கடைசியில் ஏழாம் விதியையும் முழுக்க எழுதி, இதை வருடா வருடம் டைப் அடித்தது நான் என்றும் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. சாயங்காலம் நடுவர் தேடிக்கொண்டு வந்தார். அன்றைய நிகழ்ச்சிக்குத் தலைமை அவர்தான். ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஒரு வாரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரம் முன்னால் நான் மாடி அறையில் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் படித்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. வழக்கம் போல ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிடலாம் என்று மூன்றாம் எண் முதலாளி சொன்னார். கிழிக்கக் கூடாது, விதி இருக்கிறது என்று ஐந்தாம் எண் முதலாளி துள்ளி எழுந்தார். அவருக்கு உண்மை மேல் ஒன்றும் பாசம் இல்லை. ஆறு வருடமாகக் கேடயம் கிடைக்காத வயிற்றெரிச்சல். பக்கங்கள் தப்பித்தன, அரசாங்க ஆய்வாளர் நகல் எடுத்துப் போனார். தம்பியின் விபத்து அது நடந்த தேதியிலேயே சுரங்கப் பதிவேட்டில் ஏறியது. மேலாளர் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு அந்தக் கூட்டம் என்ன தீர்மானம் போட்டது தெரியுமா? ஏழாம் விதியை யாரும் தொடவில்லை. இனி நடுவர் ஒத்திகை வைப்பதாக இருந்தால் மூன்று நாள் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான் தீர்மானம். எண்பத்து மூன்று பேரைத் தொலைத்துவிட்டுப் பதினொரு பக்கம் கடிதம் எழுதிய அதே புத்தி, பேரப்பிள்ளைகளுக்கும் அச்சு அசலாக வந்திருந்தது. செயலாளர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"ஏகமனதான்னு நீங்களே எழுதிக்குங்க சார்," என்றேன். "எனக்கு அந்தச் சொல் வராது."

மறுநாளிலிருந்து எனக்கு அங்கே வேலை இல்லை. வரலாற்றை நகரத்து விளம்பரக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தார்கள்.

பவள விழா மலர் போன வாரம் தபாலில் வந்தது. அனுப்புகிற பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை போலும். பளபளவென்று தடித்த காகிதம். சங்கம் எதையும் எதிர்க்கவே இல்லை, எழுபத்தைந்து வருடமும் ஆலோசனை வழங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுப்பக்கத்தைப் பிரித்தேன். டோக்கன் முறை, சங்கம் அளித்த கொடை என்று பெரிய எழுத்து. அதற்கு மேலே இரண்டு பக்கத்துக்கும் விரிந்த ஒரு படம்.

விளம்பரக் கம்பெனிக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. போட்டோக்காரர் அன்று எடுத்த படங்களிலேயே பார்க்க அழகானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 'கீழே' என்று எழுதிய பாதி மட்டும், வரிசை வரிசையாகக் காலிக் கொக்கிகள், நடுவில் ஒரே ஒரு பித்தளை டோக்கன் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. எண் தெளிவாகத் தெரிகிறது. செயலாளர் பார்த்து, முதலாளிகள் பார்த்து, இரண்டாயிரம் பிரதி அச்சடித்து, அமைச்சர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அந்த எண் யாருடையது என்று அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

மலரை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தம்பி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மலரை மடியில் விரித்து வைத்தான். விரலால் அந்த டோக்கனைத் தொட்டான்.

"இன்னும் கீழதான் மாட்டியிருக்காங்க," என்றான். "மேல வந்துட்டேன்னு யாராச்சும் மாத்தி மாட்டச் சொல்லுக்கா."